அலை அடிக்காத இடம்

மாப்பிள்ளைக்கு வருஷத்தில் பாதி நாள்தான் வேலை என்பது கேட்காரருக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். தெரிந்தேதான் பெண்ணைக் கொடுத்தாரா என்று கேட்டால் நேராகப் பதில் சொல்ல மாட்டார். மகள் தானாக முடிவு செய்துவிட்டு வந்து சொன்னாள். இவர் தான் கொடுத்ததாக வைத்துக்கொண்டார்.

கேட்காரர் என்றால் ரயில்வே கேட்காரர். தண்டவாளமும் தார்ச்சாலையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கேட்டைச் சாத்துவதும் திறப்பதுமாக ஓய்வு பெறும்வரை காலம் தள்ளியவர். பார்க்கிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு எதிர்ப்பக்கம் வந்து நிற்பாள். கேட் சாத்தியிருக்கும், சரக்கு வண்டி எங்கோ நின்றுகொண்டு வராமல் உயிரை வாங்கும். குனிந்து நுழைந்தால் நாலு எட்டில் சாப்பாடு கைக்கு வந்துவிடும். குனிய மாட்டார். காக்கிச் சட்டைக்காரன் ஒரு தடவை குனிந்தால் ஊரே குனியும் என்பது அவர் கட்சி. சோறு ஆறி அவலானாலும் வண்டி போன பிறகு கேட்டைத் திறந்துதான் வாங்குவார். இந்தக் கதையை மாப்பிள்ளையிடம் மட்டும் அவர் சொன்னதில்லை. வேலை என்றால் என்னவென்று தெரிந்தவர்களிடம் அல்லவா அதைச் சொல்ல வேண்டும்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு அலுத்துவிட்டது. அதை வெளியே சொல்ல வாய் வரவில்லை. வெளியே சொன்னதெல்லாம், மாப்பிள்ளைக்கு நிரந்தரமாக ஒரு வேலை வேண்டும் என்பதுதான்.

சொன்னதோடு நிற்கவும் இல்லை. பஸ் டிப்போ மேனேஜர் சின்ன வயதில் அவரோடு பந்தாடியவர். அந்த மனுஷனை விடாமல் நச்சரித்து, டிப்போவின் சாமான் அறைக்கு ஓர் ஆள் தேவை என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து, அந்த ஆள் தன் மாப்பிள்ளைதான் என்று வாக்கும் வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை காலைக்குள் வருகிறாரா இல்லையா என்று பதில் சொல்லிவிட வேண்டும். வருகிறார் என்றால் மகளும் மாப்பிள்ளையும் இவர் வீட்டுக்கே குடிவந்துவிடுவார்கள். கழுவுகிற தட்டு மூன்றாகும். அந்த வாரத் தொடக்கத்தில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் பஸ் ஏறினார்.

மகள் வீடு கடற்கரைச் சாலையின் கடைசியில் இருந்தது. கீழே மாப்பிள்ளை அலைச்சறுக்குச் சொல்லிக்கொடுக்கும் பலகைக் கொட்டகை, மேலே இரண்டு அறை. கொட்டகைச் சுவரோரம் அலைச்சறுக்குப் பலகைகள் ஆளுயரத்துக்கு நின்றன. உடைந்த பலகைகளை ஒட்டுகிற பிசினின் வாடை மாடிவரை ஏறியது. உத்தரத்தில் பெரிய கயிற்றுச் சுருள் ஒன்று தொங்கியது. கயிறு நெடுக சிவப்புத் துணி முடிச்சுப் போட்டிருந்தார்கள். அது எதற்கென்று கேட்காமல் கேட்காரர் அதன் மேல் தன் ஈரத் துண்டைக் காயப்போட்டார். முன் அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். அதன் ஜன்னலைத் திறந்தால் எதிரே கடல்தான்.

மகள் பக்கத்து விடுதியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள். சீசன் இல்லை என்பதால் அறைச் சாவிகளைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தாள். போன் வந்தால், இப்போது அலை சரியில்லை, காற்று திரும்பிய பிறகு வாருங்கள் என்று வருகிற ஆளையும் வர வேண்டாம் என்று சொன்னாள். இப்படியும் ஒரு வியாபாரமா என்று அப்பாவுக்குத் தலை சுற்றியது.

சீசன் என்றால் என்ன என்பதை மாப்பிள்ளை முதல் நாளே பொறுமையாக விளக்கினார். வருஷத்தில் பாதி, காலை வேளையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். எங்கோ நடுக்கடலில் கிளம்பிய அலை வரிசையாக வரும். எதிர்க்காற்று அதைத் தாங்கிப் பிடித்து வழவழவென்று நிறுத்தும். கரைக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் மணல்திட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அது நிதானமாக உடைந்துகொண்டே போகும். பலகையில் நிற்கக் கற்றுக்கொள்ள அதுதான் தோது. பிறகு காற்று திரும்பிவிடும். கடலிலிருந்து கரைக்கு, நாள் பூராவும் ஒரே காற்று. அலை கண்ட இடத்தில் கண்டபடி உடையும், தண்ணீர் கலங்கும், அடியில் மணல்திட்டு இடம் மாறும். அந்த மாதங்களில் வகுப்பு கிடையாது. விடிந்ததும் காற்று பலப்படுவதற்குள் கைதேர்ந்தவர்கள் மட்டும் கொஞ்ச நேரம் போய் வரலாம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ரயில் வராத நேரத்திலும் தான் கேட்டை விட்டு நகர்ந்ததில்லை என்று கேட்காரர் பொதுவாக ஒரு வார்த்தை போட்டார். மாப்பிள்ளை சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. அப்பா எதற்கு வந்திருக்கிறார் என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

மறுநாள் விடிந்ததும் கேட்காரர் ஜன்னலில் உட்கார்ந்தார். கடல் முழுக்க வெள்ளை வெள்ளையாக நுரைத்து, முறையில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. இடது பக்கம் கறுப்புப் பாறைகளை ஒட்டி ஒரு பட்டை மட்டும் அலையே இல்லாமல் படிந்து கிடந்தது, இஸ்திரி போட்ட மாதிரி. மாப்பிள்ளையும் இன்னும் இரண்டு வாத்தியார்களும் பலகையை இடுக்கிக்கொண்டு நேராக அங்கேதான் போனார்கள். இடுப்பளவு தண்ணீரில் பலகை மேல் குப்புறப் படுத்தார்கள். கையைப் பேருக்கு இரண்டு தடவை போட்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலைகளுக்கு அப்பால் போய்விட்டார்கள். அதற்கடுத்த நாளும் அதே இடம், அதே சுகம். மனுஷன் மற்றதில் எப்படியோ, பத்திரமான இடம் பார்த்து இறங்கத் தெரிந்திருக்கிறது என்று கேட்காரர் மனதுக்குள் ஒரு மதிப்பெண் போட்டார்.

கடலில் ஒரு முழுக்குப் போடலாமா என்று மாப்பிள்ளையிடம் ஜாடையாகக் கேட்டும் பார்த்தார். பலகையில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"அலை உடையற இடத்துப் பக்கம் மட்டும் போயிடாதீங்க மாமா. இந்த மாசத்து அலை ஆளைத் தூக்கிக் கவுத்துடும். கழுத்து பிசகிடும்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வகுப்புக்கு வருகிறவர்கள் அடிபடுவதெல்லாம் அலையில்தான். வாத்தியார்களின் கண்ணும் எப்போதும் அலை மேல்தான். பாறையோரத்துப் பட்டையை இழுப்பு என்பார்கள். கரையில் வந்து சேர்கிற தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்பி ஓடும். அந்த ஓட்டத்தில்தான் அங்கே அலை எழும்ப முடியாமல் படிந்து கிடக்கும். நீந்துகிறவனுக்கு அது எமன். பலகைக்காரனுக்கோ கையை வலிக்காமல் அலைக்கு அப்பால் கொண்டுபோய் விடுகிற இலவசச் சவாரி. தினமும் அதில் போய்ப் போய் அவர்களுக்கு அது வீட்டு வாசற்படி மாதிரி ஆகிவிட்டது. சீசனில் வகுப்புப் பிள்ளைகள் போகாமல் இருக்க அதன் முன்னால் கழி நட்டுச் சிவப்புத் துணிக் கயிறு கட்டுவார்கள். சீசன் முடிந்ததும் கயிற்றைச் சுருட்டி உத்தரத்தில் மாட்டிவிடுவார்கள். அதில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

டிப்போ வேலையைப் பற்றிக் கேட்காரர் பேச்செடுத்தார். மாப்பிள்ளை மறுக்கவில்லை, யோசிக்கிறேன் மாமா என்று சொல்லிவிட்டு மறுபடியும் தேய்த்தார். புதன்கிழமை மாலைவரை யோசித்துக்கொண்டே இருந்தார். கேட்காரருக்குப் பொறுமை போய், சாப்பிடும்போது, சிலர் பலகையைத் தேய்த்தே பென்ஷன் வாங்கிவிடுவார்கள் போலிருக்கிறது என்றார். மாப்பிள்ளை தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு எழுந்து போனார். மகள் அப்பாவிடம், அவரை அரிக்காதீர்கள், நாளைக்காவது கரையில் உட்கார்ந்து சும்மா காற்று வாங்குங்கள் என்றாள். சும்மா என்ற வார்த்தை அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு காலத்தில் ஆற்றை அக்கரைவரை நீந்தியவர். கொண்டுவந்து இறக்கிவைத்த மூட்டையா அவர்?

வியாழக்கிழமை காலை மாப்பிள்ளை தண்ணீரில் இறங்கும்வரை ஜன்னலில் காத்திருந்தார். பிறகு பனியனும் அரைக்கால் சட்டையுமாகக் கீழே இறங்கினார். அலை உடைகிற இடத்துப் பக்கமே போகவில்லை. சொன்ன சொல்லை மதிக்கிற ஆள். ஈர மணலில் மாப்பிள்ளையின் கால்தடம் அழியாமல் இருந்தது. அதன் மேலேயே நடந்து பாறையோரம் போய் இறங்கினார்.

முழங்கால்வரை சுகமாக இருந்தது. இடுப்புக்கு வந்தபோது காலடியில் மணல் வழுக்கிக்கொண்டு ஓடுவது தெரிந்தது. திரும்பலாம் என்று ஒரு காலைத் தூக்கினார். மறு கால் தானாகத் தூக்கிக்கொண்டது. அதற்கப்புறம் தரை இல்லை. நீந்தினார். ஆற்றில் நீந்திய கை மறக்கவில்லை. ஆனால் எவ்வளவு போட்டாலும் கரை கிட்டே வருவதற்குப் பதிலாகத் தள்ளிப் போனது. மாடி ஜன்னல் சின்னதாகத் தெரிந்தது. அவருக்குப் பயம் வந்தது. மகளைக் கூப்பிட வாயைத் திறந்தார். உப்புத் தண்ணீர் உள்ளே போயிற்று, மேல்வரிசைப் பல் செட் வெளியே போயிற்று.

அலைக்குக் காத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை வெள்ளைப் பனியனைப் பார்த்துவிட்டார். பலகையோடு வந்து குறுக்கே நின்றார்.

"மாமா, கரையைப் பாக்காதீங்க. பலகையப் பிடிங்க. நீந்தாதீங்க, பிடிச்சா போதும்."

பிடித்தார். மாப்பிள்ளையோ கரைப்பக்கம் திருப்பாமல் இழுப்போடு இன்னும் கடலுக்குள்ளே போகவிட்டார். கேட்காரருக்கு உலகமே கைவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

"டேய், கரை அந்தப் பக்கம்டா!"

வாங்க போங்க என்றே பேசிவந்த மாமனார் மாப்பிள்ளையை டேய் என்றது அதுதான் முதல் தடவை. ஒரு குத்தும் விட்டார். மாப்பிள்ளை குத்தை வாங்கிக்கொண்டு, இழுப்பு ஓய்கிற இடம்வரை போய், பாறைக்கு எதிர்ப்பக்கமாகக் கரைக்கு இணையாகவே காலை அடித்துத் தள்ளினார். பிறகு மாமனாரைப் பலகையில் குப்புறப் போட்டு, மேலே தான் படுத்து, ஓர் அலையைப் பிடித்தார். எந்த இடத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருந்தாரோ, அந்த இடத்திலேயே இரண்டு பேரையும் அலை கொண்டுவந்து மூட்டையாகக் கொட்டியது. கழுத்து பிசகவில்லை. முழங்கை மட்டும் சிராய்த்திருந்தது.

மகள் விடுதியிலிருந்து ஓடிவந்தபோது அப்பா மணலில் உட்கார்ந்து தண்ணீராக வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். அவள் அவரைத் திட்டினாள், பிறகு தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளை தள்ளி நின்றார். அவர் பார்வை மாமனார் மேல் இல்லை; பாறையை நோக்கிப் போகும் கால்தடத்தின் மேல் இருந்தது. தன் தடமும், அதன் மேல் பதிந்த இன்னொரு தடமும்.

அன்றைக்கு முழுக்கக் கேட்காரர் வாயைத் திறக்கவில்லை. பல் இல்லாமல் பேசினால் காற்றுத்தான் வந்தது. சொல்ல எவ்வளவோ இருந்தும் சொல்ல முடியாமல் போனது அவர் வாழ்க்கையில் அன்றுதான். கஞ்சி மாதிரி எதையோ கரைத்து மகள் கொடுத்ததைக் குடித்தார். மாலையில் மாப்பிள்ளை அறைக்கு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். மகள் நிலைப்படியில் நின்றாள்.

"அந்த வேலைக்கு வரேன் மாமா. என் தடத்தைப் பாத்துத்தான் நீங்க இறங்கியிருக்கீங்க. இதுக்கு மேல இங்க இருந்துக்கிட்டு நான் யாருக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கறது?"

வந்த காரியம் முடிந்துவிட்டது. குதித்திருக்க வேண்டிய கேட்காரர் மகளைப் பார்த்தார். அவர் வந்தால் நானும் வருகிறேன் என்றாள். நல்லது என்று சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. தலையணை உறையைக் கழற்றி மடித்துக்கொண்டு போனாள். மூன்று தட்டை நினைத்துப் பார்த்தார் கேட்காரர். சந்தோஷம் வரத்தான் செய்தது. வந்தது நிலைக்கவில்லை, ஏனென்று அவருக்கே விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வழக்கம் போல ஜன்னலுக்கு வந்துவிட்டார். கீழே கொட்டகைக் கதவு திறந்தது. அவருடைய துண்டு மடித்துப் படிக்கட்டுக் கம்பியில் வைக்கப்பட்டது. மாப்பிள்ளை கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, கழிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாறையோரம் போனார். கழியை நட்டார், கயிற்றைக் கட்டினார். கடற்கரையில் ஈ காக்கை இல்லை. இந்த மாதத்தில் யாருக்காகக் கட்டுகிறாய் என்று மற்ற இரண்டு வாத்தியார்கள் கேட்டிருப்பார்கள் போல. கையை ஆட்டினார்கள், கயிற்றைத் தாண்டி வழக்கம் போல இழுப்பில் இறங்கிச் சுகமாகப் போய்விட்டார்கள்.

மாப்பிள்ளை திரும்பி வந்து தன் பலகையை எடுத்தார். ஊரை விட்டுப் போகப்போகிறவர், கடைசியாக ஒரு முறை அலையில் நிற்க ஆசைப்படுகிறார் என்று கேட்காரர் நினைத்தார். நினைத்தது சரிதான். ஆனால் அவர் கயிற்றைத் தாண்டவில்லை. வலது பக்கமாக நடந்து, நுரைத்துக்கொண்டிருந்த அலைக்கு நேரே போய் இறங்கினார். முதல் அலை பலகையோடு அவரைத் திருப்பிக் கரைக்கு அனுப்பியது. எழுந்து மறுபடி போனார். பாதி தூரம் போனதும் அடுத்தது தலைக்கு மேல் உடைந்து, பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அப்பால் சொகுசாக உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் சிரிப்பது மாடிவரை தெரிந்தது. சிரித்துக்கொண்டே கையால் இழுப்பைக் காட்டிக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை தலையை ஆட்டி மறுத்துவிட்டு மூன்றாம் தடவையும் அதே நுரைக்குள் போனார்.

கேட்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டார். கேட் சாத்தியிருக்கிறது, எதிர்ப்பக்கம் சோறு ஆறுகிறது, அந்த மனுஷன் குனிய மாட்டேன் என்கிறான். மகள் டீயோடு மாடியேறி வந்து, பக்கத்தில் நின்று கடலைப் பார்த்தாள்.

"ஏன் இப்படி அடிபடறாரு? நீங்க ஏதாவது சொன்னீங்களாப்பா? அந்த சாப்பாட்டுத் தூக்குக் கதைய?"

"நான் ஒண்ணும் சொல்லல," என்றார். அவர் சொன்னதில் பாதிதான் வார்த்தையாக வந்தது. மீதியை மகள் புரிந்துகொண்டாள்.

டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனை எடுத்து டிப்போ மேனேஜரைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் மேனேஜர் உற்சாகமாக, எப்போது வருகிறார் மாப்பிள்ளை என்றார். வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொன்னார் கேட்காரர். மேனேஜரால் நம்ப முடியவில்லை. இத்தனை மாதம் உயிரை வாங்கியது எதற்கு, நன்றாக யோசித்துச் சொல் என்றார். ஒரு தடவை சொல்லவே அவருக்கு நெஞ்சு வலித்தது. இரண்டாம் தடவை, பல் இல்லாத வாயால் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்.

"வேற ஆளப் போட்டுக்கப்பா. என் மாப்பிள்ளைக்கு இங்க வேலை இருக்கு."

போனை வைத்தார். அந்த வீடு, கழுவிக் கவிழ்த்த ஒற்றைத் தட்டு, எல்லாம் கண் முன்னால் வந்தன. எழுந்து கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்தார். கடலில் மாப்பிள்ளை ஒருவழியாக அலைகளுக்கு அப்பால் போய்ச் சேர்ந்து, பலகை மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"மத்தியான பஸ்ஸைப் பிடிச்சிடறேன். பல்லு கட்டணும் இல்லையா," என்றார் கேட்காரர்.

மகள் அவர் கையிலிருந்து பையை வாங்கித் திரும்பவும் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"இங்கயும் பல் டாக்டர் இருக்காருப்பா."

"எத்தனை நாள்ல கட்டுவாரு?"

"அவரு ரொம்ப மெதுவாத்தான் செய்வாரு," என்றாள் மகள். "சீசன் வரைக்கும் ஆகும்."